வீடு மாறினால் ஓட்டும் போய்விடுமா? வடசென்னையின் வாக்காளர் பட்டியல் சிக்கல்

2021 டிசம்பர் 27. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பு இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைப் பார்த்து மக்கள் முன்பே வெளியேறியதால் உயிரிழப்பு இல்லை. இப்படி வீடு போனால் அடுத்த கவலை வாடகை வீடு, அட்வான்ஸ், பிள்ளைகளின் ஸ்கூல். வாக்காளர் பட்டியல் யாருக்கு ஞாபகம் வரும்?

பழைய குடியிருப்பை இடித்துக் கட்டும்போதும் இதே கதைதான். வெளியே தங்க வாரியம் தருவது 24,000 ரூபாய். புது வீட்டுச் சாவி வருவதற்குள் சில குடும்பங்கள் இரண்டு மூன்று வீடு மாறிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஓட்டுப் போட சொந்த வீடு தேவையில்லை. 1950-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, தொகுதியில் வழக்கமாக வசித்தால் போதும். தற்காலிகமாக வெளியே போனதால் மட்டும் அந்தத் தகுதி போகாது. பிளாட்பாரத்தில் தூங்குபவரிடம் முகவரிச் சான்றுகூடக் கேட்கக் கூடாது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

நடைமுறையில்?

2025 நவம்பரில் தொடங்கிய சிறப்பு தீவிர திருத்தத்தில், அலுவலர் படிவத்தோடு தேடிப் போனது பட்டியலில் இருந்த கதவு எண்ணை. அந்தக் கதவே இல்லை என்றால்? டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் தமிழகம் முழுக்க 97 லட்சம் பெயர்கள் இல்லை. அதில் சுமார் 66 லட்சம் பேர் இடம்பெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள். சென்னையில் 40 லட்சமாக இருந்த பட்டியல் 26 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகளும் இதில் உண்டு. எல்லாமே தவறான நீக்கம் என்று சொல்ல முடியாது.

இன்னொரு முடிச்சு, 2002, 2005 பட்டியல்களில் தன் பெயரையோ பெற்றோர் பெயரையோ காட்டச் சொன்னது. 2004 சுனாமிக்குப் பிறகு எர்ணாவூருக்குக் குடியேறிய மீனவர், கடலோரத்தில் இப்போது இல்லாத ஒரு தெருவைப் பழைய பட்டியலில் தேட வேண்டும். 2008-ல் தொகுதி எல்லைகளும் மாறிவிட்டன.

2022 மாநகராட்சித் தேர்தலில் சென்னையில் பதிவானது சுமார் 43 சதவீதம். ‘சென்னைக்காரர்களுக்கு அக்கறையில்லை’ என்று திட்டுவது எளிது. ஆனால் வீடு மாறிப் போனவர் பெயர் பழைய பட்டியலில் கிடந்தால், அவரும் ஓட்டுப் போடாதவர் கணக்கில்தான் சேர்வார்.

என்ன செய்யலாம்?

பெயர் இருந்து முகவரி மட்டும் மாறினால் படிவம் 8. பெயரே இல்லை என்றால் படிவம் 6. வாடகைக்கு இருப்பவர் மாட்டுவது முகவரிச் சான்றில்தான்: கேட்பது பதிவு செய்த வாடகை ஒப்பந்தம். ராயபுரம் சந்துகளில் எத்தனை ஹவுஸ் ஓனர் அதைப் போட்டுத் தருவார்? கரண்ட் பில்லும் அவர் பெயரில்தான் வரும். புது முகவரிக்கு மாற்றிய ஆதார் அல்லது வங்கி பாஸ்புக் இருந்தால் ஒப்பந்தம் இல்லாமலே விண்ணப்பிக்கலாம்.