நோட்டு பேசும் மொழியைத் திறன்பேசியும் பேசட்டும்

மைசூரு நகரம் பட்டுக்கும் சந்தனத்துக்கும் பெயர் பெற்றது. நாம் புழங்கும் ரூபாய் நோட்டுகளில் ஒரு பகுதி அச்சாவதும் அங்கேதான் என்பதை அறிந்தோர் குறைவு. ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் நடத்தும் அச்சகம் அங்கு உள்ளது. நோட்டுக்கான தாளைத் தயாரிக்கும் ஆலையும் அந்நகரிலேயே இயங்குகிறது.

ஒரு நோட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அதன் மதிப்பு 15 மொழிகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடப்பட்டிருக்கும். கன்னடம் நான்காவது வரி, தமிழ் பதின்மூன்றாவது. நோட்டை வாங்குபவர் எம்மொழியினராயினும் தம் கையில் இருப்பது எவ்வளவு என்பதைப் பிறரைக் கேளாமலே அறியலாம்.

அந்த மைசூருவின் தேவராஜ சந்தையிலும் இன்று பூவுக்கும் பழத்துக்கும் திறன்பேசி வழியே பணம் செலுத்துகிறார்கள். 2016ஆம் ஆண்டு அறிமுகமான யு.பி.ஐ. முறை பத்தாண்டுக்குள் பெருங்கடையிலிருந்து தள்ளுவண்டி வரை பரவிவிட்டது. ஆனால் பணம் மாறிய வேகத்துக்கு மொழி மாறவில்லை. கணக்கில் பணம் வந்தாலும் போனாலும் நமக்கு வரும் குறுஞ்செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ‘கிரெடிட்’ என்றால் வரவு, ‘டெபிட்’ என்றால் பற்று. இவ்விரு சொற்களையும் வேறுபடுத்தி அறியாத முதியோர் பலர் உள்ளனர். மோசடிக்காரர்கள் நுழையும் வாயிலும் அதுவே.

‘உங்கள் கணக்குக்குத் தவறுதலாகப் பத்தாயிரம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்’ என்று ஒருவர் அழைப்பார். அதற்குச் சற்று முன்பே, பணம் வரவானதுபோல் ஒரு செய்தி வந்திருக்கும். அது வங்கி அனுப்பியதன்று, அவரே அனுப்பியது. படிக்க இயலாதவர் எண்ணை மட்டும் பார்த்து நம்பிவிடுகிறார். இத்தகைய வேளையில் குறுஞ்செய்தியை ஆதாரமாகக் கொள்ளாமல், வங்கியின் செயலியிலோ கணக்குப் புத்தகத்திலோ இருப்பைப் பார்க்க வேண்டும். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை என்பதையும் வீட்டிலுள்ள பெரியோருக்கு அவர்தம் மொழியில் சொல்லி வையுங்கள்.

இவ்வகையில் வங்கிகளைவிடக் கடைகளின் ஒலிபெருக்கிக் கருவி முந்திக்கொண்டது என்றே சொல்வேன். தொகை வந்ததும் அது கடைக்காரரின் மொழியில் உரக்கச் சொல்கிறது. வாங்குபவர் போலித் திரைப்படத்தை நீட்டினாலும் கருவி பேசும்வரை கடைக்காரர் காத்திருக்கலாம்.

நம் பங்குக்கும் சில உண்டு. பீம் உள்ளிட்ட பல செயலிகளில் தமிழ் உண்டு. அமைப்புப் பகுதியில் ஒருமுறை மாற்றினால் போதும். அன்றாடச் சில்லறைச் செலவுக்கு யு.பி.ஐ. லைட் பொருத்தமானது. அதில் 5,000 ரூபாய்க்கு மேல் வைக்க இயலாது என்பதால், கைப்பேசி தொலைந்தாலும் அப்பகுதியில் நேரும் இழப்புக்கு ஓர் எல்லை உண்டு. சாதாரண கைப்பேசி வைத்திருப்போருக்கு, இணையமின்றியே இயங்கும் 123பே வசதி 2022 மார்ச் முதல் உள்ளது.

ஏமாற்றப்பட்டது தெரிந்தால் நாணி மறைக்க வேண்டாம். உடனே 1930 என்னும் எண்ணையும் வங்கியையும் அழையுங்கள். 2017இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதியின்படி, வாடிக்கையாளரோ வங்கியோ காரணமாகாத வெளியார் மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் இழப்பு அவரைச் சாராது. ரகசிய எண்ணைத் தாமே பகிர்ந்திருந்தால் புகார் செய்யும்வரையான இழப்பு அவருடையது. எனவே ஒவ்வொரு நிமிடமும் பணம்தான்.

இவ்விதிகளை ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, ‘கவனமாக இருந்திருக்க வேண்டும்’ என்று வாடிக்கையாளரைக் குறை கூறுவது நியாயமன்று. அடுத்த முறை கிளைக்குச் செல்லும்போது, குறுஞ்செய்திகளைத் தமிழில் பெற வழியுண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அக்கோரிக்கையை எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வாருங்கள்.