பரணில் கிடக்கும் வேல்

ராஜபாளையம் பக்கத்துத் தேவதானத்திலிருந்து தெற்கே போனால் வாசுதேவநல்லூர். 1767-இல் பாளையக்காரர் பூலித்தேவரின் கோட்டையைக் கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் டொனால்டு கேம்பல் பீரங்கி கொண்டு தாக்கிய ஊர். 1801-இல் பாளையக்காரர்களை ஒடுக்கிய கும்பினி, கோட்டைகளை இடித்தது; ஆயுதம் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. ஆகவே குடியானவன் பிடித்த வேல்கம்பைவிட அரண்மனை ஆயுதங்களே நமக்கு அதிகம் மிஞ்சின.

அப்படி மிஞ்சியவற்றில், தஞ்சாவூர்க் கட்டாரிகள் என்னும் குத்துவாள்கள் சென்னை எழும்பூரிலும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. ஒன்றை நெருங்கிப் பாருங்கள். பிடிக்க இரண்டு குறுக்குக் கம்பிகள். புறங்கையை மூட வளைந்து விரிந்த இரும்புத் தகடு. அதில் நுணுக்கமான துளைவேலை. அலகு மட்டும் பலவற்றில் ஐரோப்பாவில் அடித்தது! சீமை வாளின் அலகை எடுத்து நம் ஊர்க் கொல்லர் பிடியில் தறைந்திருக்கிறார். பறங்கியின் இரும்பு பறங்கி மீதே பாய்ந்திருக்கும் என்று நினைப்பதில் எனக்கொரு அற்ப சந்தோஷம்.

இந்த அழகில் மயங்கி, சண்டை போட்டவனின் ஆயுதத்தைத் தேடாமல் விட்டது நம் தவறு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் உங்கள் வீட்டுப் பரணில் துருப்பிடித்த வேல்முனையோ, வளரி என்னும் வளைந்த எறி ஆயுதமோ கிடந்தால், பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். விருதுநகர் அரசு அருங்காட்சியகத்தில் ஒருமுறை காட்டுங்கள்.