வயதைப் பார்த்து வகை சொல்லாதீர்கள்

குழந்தைக்கு வந்தால் டைப் 1, பெரியவர்களுக்கு வந்தால் டைப் 2. சர்க்கரை நோயைப் பற்றி வேறெதுவும் அறியாதவர்கூட இதை மட்டும் உறுதியாகத் தெரிந்துவைத்திருக்கிறார். அதனால் நாற்பது வயதுக்காரர் ஒருவருக்குச் சில வாரங்களில் சர்க்கரை 300, 400 என்று ஏறினாலும், இது எந்த வகை என்ற கேள்வி எழுவதே இல்லை. மாத்திரை எழுதப்படுகிறது. சோறு பாதியாகிறது. காலையில் நடை, வெறும் வயிற்றில் வெந்தயம், ஆவாரம்பூக் கஷாயம். இரவில் நாலைந்து தடவை எழுந்து, நா வறண்டு, சட்டை தொளதொளக்க இளைத்துப்போனவரைப் பார்த்து, "பரவாயில்லையே, டயட் நல்லா வேலை செய்யுதே" என்று பாராட்டுகிறவர்களும் உண்டு. வயதே வகையைச் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை தவறு. ஆளையே கொல்லக்கூடிய தவறு.

டைப் 1 என்பது, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே அழிக்கும் நிலை. இந்த அழிவுக்கு வயது வரம்பு கிடையாது. பிரிட்டனின் பயோபேங்க் தரவுகளை மரபணு வழியே ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, 60 வயதுக்குள் டைப் 1 வந்தவர்களில் 42 விழுக்காட்டினருக்கு அது 30 வயதைத் தாண்டிய பிறகே வந்தது என்று காட்டியது. பெரியவர்கள் கூட்டத்தில் டைப் 2 மலைபோல் இருப்பதால் இவர்கள் அதற்குள் மறைந்துபோகிறார்கள்.

பிரிட்டனின் உள்துறை அமைச்சராக இருந்த தெரசா மேவுக்கே இதுதான் நடந்தது. 2012இல், 56 வயதில், அவருக்கு வந்திருப்பது டைப் 2 என்று முதலில் சொல்லப்பட்டது. மாத்திரைகள் பலிக்கவில்லை. மறுபடி பரிசோதித்தபோதுதான் டைப் 1 என்று தெரிந்தது. பிறகு இன்சுலின் போட்டுக்கொண்டேதான் அவர் பிரதமராகவும் இருந்தார். வேகப்பந்து வீச்சாளர் வாசிம் அக்ரமுக்கு டைப் 1 கண்டறியப்பட்டபோது வயது 30ஐ ஒட்டி. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பாகிஸ்தான் அணிக்கு விளையாடினார். அமைச்சருக்கே தடுமாறிய விஷயம், ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்க வேண்டிய நம் ஊர் மருத்துவரிடம் எத்தனை முறை தடுமாறும்!

தடுமாறினால் என்ன ஆகும்? இன்சுலின் அடியோடு குறைந்தால் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் செல்களுக்கு அது கிடைக்காது. உடம்பு, பட்டினி கிடப்பதுபோலக் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதில் உண்டாகும் கீட்டோன்கள் ரத்தத்தை அமிலமாக்கும். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, ஆழமான வேக மூச்சு, மூச்சில் பழ வாடை, கடைசியில் மயக்கம். வாந்தியும் வயிற்றுவலியும் முன்னால் நிற்பதால் "கேஸ் ட்ரபிள்", "ஃபுட் பாய்சன்" என்று ஒரு நாள் கழிந்துவிடும். அந்த ஒரு நாளிலேயே உயிர் போகலாம். 1922இல் டொராண்டோவில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்படும்வரை, இந்த நோய்க்கு மருத்துவர்கள் கையில் இருந்த வழி பட்டினிதான். அது நாள்களைக் கொஞ்சம் நீட்டியதே தவிர, யாரையும் காப்பாற்றவில்லை. நூறாண்டு கழித்தும், இன்சுலின் தேவைப்படுகிறவரிடம் "சோத்தைக் குறை" என்று மட்டும் சொல்லி அனுப்புவது அந்தக் காலத்துக்கே அவரைத் திருப்பி அனுப்புவதுதான்.

எல்லோருக்கும் இது ஒரே வேகத்தில் வருவதில்லை. பெரியவர்களில் பலருக்குப் பீட்டா செல்கள் மெதுவாகவே அழிகின்றன. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில்கூட, மாத்திரை கேட்கும். பிறகு கேட்காது. ஒரு மாத்திரை இரண்டாகும், மூன்றாகும். அப்போது வீட்டில் எழும் குரலைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. "திருட்டுத்தனமா இனிப்பு தின்னிருப்பே", "வாயைக் கட்ட மாட்டேங்குறே" என்று மனைவி கணவனையும் பிள்ளை தாயையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். சில மருத்துவமனைகளிலும் இதே விசாரணைதான். வகையைத் தவறாகக் கணித்த பழியை நோயாளியின் நாக்கின் மேல் போடுவது அநியாயம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. டைப் 1 உள்ளவருக்கு இன்சுலின் தொடங்கியதும் மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்ச காலம் தெம்பு பெற்று வேலை செய்யும். மருத்துவர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்கிறார்கள். சர்க்கரை இறங்கும், ஊசியின் அளவு குறையும். சரியாக அந்த நேரத்தில் சிறுகுறிஞ்சான் பொடி கொடுத்தவர், "பார்த்தீங்களா, ஊசியே வேண்டாம்னு ஆயிடுச்சு" என்று பெயர் வாங்கிக்கொள்கிறார். அவர் பேச்சைக் கேட்டு ஊசியை நிறுத்தினவர் சில வாரங்களில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பார். பொடி கொடுத்தவரை அங்கே யாரும் தேட மாட்டார்கள்.

வகை தெரியாமல் தரும் மாத்திரையும் சும்மா இருப்பதில்லை. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றுபவை. டைப் 2 நோயாளிகளின் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல துணை. இந்தியாவில் டபாகிளிஃப்ளோசினின் முதல் காப்புரிமை 2020இல் முடிந்த பிறகு விலை சரிந்து, இங்கே தாராளமாக எழுதப்படுகிறது. ஆனால் இன்சுலின் வற்றிப்போனவருக்கு இதைக் கொடுத்தால், ரத்தச் சர்க்கரை 200க்குள் இருக்கும்போதே கீட்டோன் அமிலநிலை வந்துவிடலாம். மீட்டரைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். உடம்போ உள்ளே அமிலமாகிக்கொண்டிருக்கும்.

இதைப் படித்துவிட்டு "ஒல்லியாக இருந்தால் டைப் 1" என்ற அடுத்த குறுக்குவழிக்கு யாரும் போய்விட வேண்டாம். நம் நாட்டில் மெலிந்த உடம்புக்காரர்களுக்கும் டைப் 2 ஏராளமாக வருகிறது. பருமனான பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் டைப் 2 வருகிறது. பருமனான பெரியவருக்கு டைப் 1 வருகிறது. இந்த இரண்டிலும் சேராத வகைகளும் உண்டு. கணையத்தில் கல் சேர்ந்து வரும் சர்க்கரை நோயைக் கேரளத்தில் 1960களிலேயே டாக்டர் கீவர்கீஸ் விரிவாக ஆராய்ந்து எழுதினார். வயிற்று ஸ்கேனிலோ எக்ஸ்ரேயிலோ தெரிந்துவிடக்கூடியது அது. ஊட்டச்சத்துக் குறைவோடு வளர்ந்தவர்களுக்கு வரும் வகையை உலக சுகாதார நிறுவனம் 1985இல் பட்டியலில் சேர்த்தது, 1999இல் நீக்கியது. ஏழைகளின் நோய் என்பதால்தான் அது மறக்கப்பட்டது என்பேன். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் விடாமல் உழைத்ததன் பலனாக, 2025இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அதை டைப் 5 என்று ஏற்றுக்கொண்டது. வேறு நோய்க்கு ஸ்டீராய்டு எடுத்தாலும் சர்க்கரை திடீரென எகிறலாம். ஐம்பதைக் கடந்தவருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்து காரணமில்லாமல் எடையும் குறைந்தால், கணையப் புற்றுநோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

"பெரியவர்களில் பெரும்பாலோருக்கு டைப் 2 தானே, எல்லோருக்கும் டெஸ்ட் எடுக்க முடியுமா?" என்பார்கள். முதல் பாதி உண்மை. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; அத்தனை பேருக்கும், நோயெதிர்ப்புத் தாக்குதலைக் காட்டும் ஜி.ஏ.டி. எதிரணுப் பரிசோதனையும், கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைடு பரிசோதனையும் எடுக்கச் சொல்லவில்லை. வேகமாக ஏறியதா, எடை இறங்கியதா, மாத்திரை சீக்கிரமே தோற்றதா, தைராய்டு போன்ற வேறு தன்னெதிர்ப்பு நோய் இருக்கிறதா என்று கேட்பதற்குக் காசு வேண்டாம். இன்றைய சர்க்கரை 400ஐத் தொட, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி. எட்டில் நின்றால், அந்த இடைவெளியே ஏற்றம் புதிது என்று சொல்லிவிடும். சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டை மலிவானது, சில நிமிட வேலை. அதைச் செய்யாமலிருக்கச் சாக்கு கிடையாது.

பரிசோதனை செய்தும் வகை உடனே பிடிபடாமல் போகலாம். இந்தியர்களில் டைப் 1 உள்ள சிலருக்கு எதிரணு தென்படுவதில்லை. சர்க்கரை மிக அதிகமாக இருக்கும் நாள்களில், டைப் 2 ஆனாலும் கணையம் களைத்துச் சி-பெப்டைடு குறைவாகக் காட்டலாம். சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டிவரும். அதுவரை பாதுகாப்பான வழி இன்சுலின்தான். "ஊசி போட்டால் கடைசி கட்டம், அப்புறம் நிறுத்தவே முடியாது" என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. டைப் 2 என்று உறுதியானால் பலருக்கும் ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரைக்கு வரலாம். அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகவே கிடைக்கிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது சில வாரங்களில் சர்க்கரை எகிறி, எடை கரைந்து, தாகமும் சிறுநீரும் அதிகமானால், வயது என்னவானாலும் அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போய்க் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தியோ மூச்சிரைப்போ சேர்ந்திருந்தால் கிளினிக் வாசலில் காத்திருக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். "இது எந்த வகை டாக்டர், எதை வைத்துச் சொல்றீங்க?" என்று கேளுங்கள். வயதை மட்டும் பதிலாகச் சொன்னால், இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.