பாதை அறிந்து எஞ்சின் வாங்குக

ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் மூடப்பெறும் காலம் நெருங்கினால், நம் சங்க இல்லங்கள் பலவற்றில் ஒரே விண்ணப்பம் எழுகின்றது. "அப்பா, விளையாட ஏற்ற கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும்" என்பதே அவ்விண்ணப்பம். கரமனையிலும் சாலையிலும் பிற பகுதிகளிலும் குடியிருக்கும் நம்மவருள் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர் அல்லது சிறு வணிகர். சிட்டிப் பணமோ போனஸோ கைக்கு வந்த வேளையில்தான் இத்தகைய பொருளை வாங்க இயலும். ஒருமுறை தவறினால் மறுமுறை வாங்கப் பல்லாண்டு காத்திருத்தல் வேண்டும். விளையாட்டு நன்றா தீதா என்னும் வழக்கை வேறொரு மாதத்திற்கு ஒத்திவைப்போம். வாங்குவதென்று முடிவு செய்த வீட்டார் எதை முதலில் நோக்க வேண்டும் என்பதை மட்டும் இம்மாதம் ஆராய்வோம்.

கம்ப்யூட்டரின் உறுப்புகளில் தலையாயவை இரண்டு. கணக்கிடும் வேலையைச் செய்வது பிராசசர். அதனையும், நினைவகம், கிராபிக்ஸ் கார்டு முதலிய பிறவற்றையும் தாங்கி இணைப்பது மதர்போர்டு. பிள்ளைகள் பேசுவதெல்லாம் பிராசசரைப் பற்றியே. மதர்போர்டையோ, "ஏதோ ஒன்று, மலிவாகப் போடுங்கள்" என்று கடைக்காரரிடம் விட்டுவிடுகின்றனர். இது எஞ்சினை விலைபேசிவிட்டுப் பாதையை மறந்தது போன்றதாகும்.

கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்குச் செல்லும் மலைப்பாதையை நம்மவர் நன்கு அறிவர். 2010-ஆம் ஆண்டு வரை அங்கே மீட்டர் பாதை வண்டிகள் ஓடின. பின்னர் 2018-இல் அது அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. மீட்டர் பாதையின் அகலம் 1000 மில்லிமீட்டர். அகலப் பாதையினுடையது 1676 மில்லிமீட்டர். எவ்வளவு வலிய எஞ்சினாயினும் பாதையின் அளவு பொருந்தாவிடில் ஓர் அடியும் நகராது. மதர்போர்டில் பிராசசர் அமரும் சாக்கெட்டும் அவ்வாறே. ஒரு சாக்கெட்டுக்கு உரியது மற்றொன்றில் அமராது.

அளவு ஒன்றாயிருப்பினும் பொருந்தாத வேடிக்கையும் உண்டு. இன்டெல் நிறுவனம் 2017-ஆம் ஆண்டு இறுதியில் எட்டாம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசசர்களை வெளியிட்டது. அவற்றின் தொடுமுனைகளும் பழையன போலவே 1151. ஆயினும் அதற்கு முந்திய மதர்போர்டுகளில் அவை முறைப்படி இயங்கா என்று அந்நிறுவனம் வகுத்துவிட்டது. மாறாக, ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 சாக்கெட்டில் 2017-இல் முதல் ரைசன் வாங்கியவர்களுள் பலர், 2022-இல் பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளை மட்டும் புதுப்பித்து, அதே மதர்போர்டில் ரைசன் 5000 வரிசைப் பிராசசரைப் பொருத்திக்கொள்ள முடிந்தது. ஒருவர் ஐந்தாண்டு கழித்து மதர்போர்டையும் சேர்த்து வாங்கினார். மற்றவர் பிராசசரை மட்டும் மாற்றினார். சம்பளக்காரர் வீட்டிற்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

ஆகவே நாம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "எந்தப் பிராசசர் வேகமானது?" என்பதன்று. "இந்த மதர்போர்டில் இன்று எது அமரும்? நாளை எதனைச் சேர்க்கலாம்?" என்பதேயாம்.

இரண்டாவதாகப் பெயரைக் கண்டு மயங்குதல் கூடாது. பழைய பொருள் விற்போர் "ஐ7 பிராசசர், மிக மலிவு" என்று அழைப்பர். அது 2013-இல் வந்த நான்காம் தலைமுறை ஐ7 ஆயின், 2022-இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 அதனை எளிதில் முந்திவிடும்; இரண்டிற்கும் கோர்கள் நான்கேயாயினும் உள்ளமைப்பு பெரிதும் வளர்ந்துவிட்டது. மேலும் விண்டோஸ் 10-க்குரிய இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு பொதுவாக முடிவுற்றது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்களின் பட்டியலில் அப்பழைய ஐ7 இல்லை. அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் தேவை. பிள்ளைகள் விரும்பும் வலோரன்ட் போன்ற ஆட்டம் விண்டோஸ் 11-இல் இவ்வமைப்பின்றித் தொடங்காது.

பெயரின் இறுதியிலுள்ள ஓர் எழுத்தும் குடும்பத்தின் பணத்தை விழுங்கவல்லது. இன்டெல் பிராசசரின் எண்ணுக்குப் பின் 'எஃப்' என்றிருந்தால், திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் பகுதி அதனுள் இல்லை என்பது பொருள். ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600-இலும் அப்பகுதி இல்லை. ஆனால் 5600ஜி என்பதில் உண்டு. நம் சங்கத்து அன்பர் ஒருவர் தம் மகன் கேட்ட ஐ3 12100எஃப் பிராசசரைச் சில நூறு ரூபாய் குறைவு என்று மகிழ்ந்து வாங்கினார். எல்லாம் பூட்டி முடிந்தபின் திரை இருண்டே கிடந்தது. தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கப் பணம் எஞ்சவில்லை. பூட்டிய பெட்டியைப் பையன் நாள்தோறும் துடைத்து வைத்துக்கொண்டு நான்கு மாதம் காத்திருந்தான். தந்தை அவனைக் கடிந்துகொண்டதையும், பையன் எதிர்மொழி கூறாமல் நின்றதையும் அவ்வீட்டுத் தாயார் நம்மிடம் சொல்லி வருந்தினார். பிராசசரில் பழுதில்லை, கடையிலும் பொய்யில்லை. அந்த ஓரெழுத்தின் பொருளை அவர்களுக்குச் சொல்வார் இல்லாமற்போயினர்.

இனி, கைப்பொருளுக்கு ஏற்ப மூன்று இணைகளைக் கூறுவோம்.

பணம் மிகக் குறைவாயின், ரைசன் 5 5600ஜி பிராசசரும் பி550 அல்லது பி450 வகை மதர்போர்டும் கிடைக்குமிடத்தில் கொள்க. ஆறு கோர்கள், உள்ளேயே கிராபிக்ஸ், உடன் வரும் விசிறி ஆகியவை இதன் நன்மைகள். தனிக் கார்டு இன்றியே வலோரன்ட், மைன்கிராப்ட் போன்றவற்றை மிதமான அமைப்பில் ஆடலாம். ஏ.எம்.4 தன் ஆயுளின் பிற்பகுதியில் உள்ள பாதைதான். எனினும் பணம் சேர்ந்தபின் கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருக இடமுண்டு. அப்போது ரேடியான் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. போன்ற நான்கு தடம் மட்டுமே கொண்ட கார்டுகளை விலக்குக; 5600ஜி-யின் பழைய வகை இணைப்பில் அவற்றின் வேகம் குறையும்.

தொடக்கத்திலேயே தனிக் கார்டு வாங்கப் பணம் இருப்பின், மேற்கூறிய 12100எஃப் பிராசசரை எச்610 அல்லது பி660 மதர்போர்டில் அமைக்கலாம். இருள்திரைக்கு அஞ்சவேண்டியதில்லை, கார்டே படம் காட்டும். இதன் சாக்கெட்டான எல்.ஜி.ஏ. 1700 பதினான்காம் தலைமுறையோடு முடிந்தது. 2024-இல் வேறு சாக்கெட் வந்துவிட்டது. எனினும் ஐ5 வரிசையில் உயர்ந்ததொன்றைப் பின்னாளில் பொருத்தலாம்.

ஆறு மாதம் பொறுத்து இன்னும் சிறிது சேர்க்க இயலுவோர், ஏ.எம்.5 சாக்கெட்டை நாடுக. இது 2022-இல் வந்தது. 2027-ஆம் ஆண்டு வரையேனும் இதனை ஆதரிப்பதாக ஏ.எம்.டி. உறுதி கூறியுள்ளது. ரைசன் 5 8600ஜி பிராசசரும் பி650 மதர்போர்டும் தகுந்த இணை. நெடுநாள் திறந்திருக்கும் பாதை இதுவே. ஆனால் இது டி.டி.ஆர்.5 நினைவகத்தை மட்டுமே ஏற்கும். செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவை பெருகியதால் 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறிற்று. ஆதலின் நினைவகத்தின் விலையையும் கூட்டிப் பார்த்த பின்னரே இவ்வழியை மேற்கொள்க.

எவ்வழியாயினும் 16 ஜிபி நினைவகத்தை ஒரே துண்டாக வாங்காது, 8 ஜிபி வீதம் இரண்டாக வாங்குதல் நன்று. உள்ளமைந்த கிராபிக்ஸ் தனக்கெனத் தனி நினைவகம் இன்றி, இதனையே பகிர்ந்துகொள்கின்றது. இரண்டு துண்டுகள் இரட்டைப் பாதையாக நின்று செய்தியைக் கடத்தும். ஒன்றே இருப்பின் ஒற்றைப் பாதையில் வண்டிகள் காத்து நிற்பதுபோல ஆட்டம் தடுமாறும்.

சிக்கனம் செய்யக்கூடாத இடம் பவர் சப்ளை. பெயரறியாத மலிவுப் பெட்டி கெட்டால், தன்னோடு மதர்போர்டையும் கொண்டுபோகக்கூடும். துலா மாதத்து இடிமின்னல் இந்நகரத்தாருக்குப் புதிதன்று. வீட்டில் எர்த் சரியாக உள்ளதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்க்கச் செய்க. மாலையில் இடி தொடங்கியதும் பிளக்கையும் இணையக் கம்பியையும் கழற்றிவிடப் பிள்ளைகளைப் பழக்குக.

சென்னைக்குச் செல்வோர் ரிச்சி தெருவில் விலை குறைவு என்று அங்கே வாங்க எண்ணலாம். விலையோடு வாரண்டியையும் நோக்குக. பழுதுற்றால் எங்கே கொடுக்க வேண்டும், இந்நகரில் சேவை நிலையம் உண்டா என்று கேட்டறிந்து, வரிசை எண் குறித்த பில்லைப் பெற்றுக்கொள்க. எங்கு வாங்கினும், அந்த மதர்போர்டின் பயாஸ் உங்கள் பிராசசரை அறியுமா என்று உறுதி செய்யச் சொல்லுக. திரையில் பிராசசரின் பெயர் தோன்றுவதைக் கடையிலேயே கண்ணால் காண்க.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பிராசசர் என்பது எங்கோ அயல்நாட்டில் மட்டும் பிறப்பதன்று. நம் திருவனந்தபுரத்துச் சி-டாக் நிலையத்தார் வேகா என்னும் பிராசசர் வரிசையை வடிவமைத்துள்ளனர், சென்னை ஐ.ஐ.டி.யார் சக்தி என்பதை வடிவமைத்தனர். இவை விளையாட்டுக் கணினிக்கு உரியன அல்ல. கருவிகளை இயக்குதல் போன்ற பணிகளுக்கு உரியன. எனினும், உங்கள் மேசைமேல் இருப்பதன் உள்ளமைப்பைக் கற்போர் நாளை செல்லக்கூடிய இடம் இவ்வூரிலேயே உள்ளது என்பதை அறிக.

ஆகவே பெற்றோரே, கடைக்குச் செல்லுமுன் ஓர் ஏட்டில் மூன்று வரிகளைப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள்: பிராசசரின் முழுப்பெயர் இறுதி எழுத்தோடு, மதர்போர்டின் பெயரும் சாக்கெட்டும், இரண்டாண்டு கழித்து இதில் எதனைச் சேர்க்கலாம் என்பது. மூன்றாம் வரியை எழுத இயலாத பிள்ளை இன்னும் ஒரு வாரம் விசாரிக்கட்டும். எழுதிவிட்டால், தந்தையும் அவ்வேட்டைப் படித்துப் புரிந்துகொண்ட பின்னரே பணத்தை எடுக்கட்டும். பணம் தந்தையுடையது; அறிவு பெரும்பாலும் பிள்ளையினுடையது. இரண்டும் ஒரே சாக்கெட்டில் பொருந்திய வீட்டில் திரை இருண்டு கிடப்பதில்லை.