நம்பிக்கையை ஈடாக வைத்து வளரும் இலாபம்

நிதி நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் இப்போது ‘சமூக நிலைபேறு’ என்றொரு அத்தியாயம் தவறாமல் இடம்பெறுகிறது. எத்தனை பெண்களுக்குக் கடன் கொடுத்தோம், அதில் எத்தனை வீதம் திரும்பி வந்தது என்பவையே அதில் சாதனைகளாக எழுதப்படுகின்றன. 2009இல் இலங்கையில் போர் முடிந்தபின் வடக்கின் ஏனைய நகரங்களைப் போல வடமராட்சியின் நெல்லியடிக்கும் இந்த நிறுவனங்கள் வந்தன. வெங்காயமும் புகையிலையும் செய்யும் குடும்பங்களும், கரையோரத்து மீனவக் குடும்பங்களும், கணவனை இழந்து வீட்டைச் சுமக்கும் பெண்களும் வாழும் வடமராட்சிக்குக் கடன் தேவைப்பட்டது உண்மை. ஆனால் அந்தத் தேவையைத் தீர்த்த முறைதான் சமூகத்தின் நிலைபேற்றுக்குத் தடையாகியிருக்கிறது. நிறுவனங்களுக்கு நல்லெண்ணம் இல்லை என்பது நமது குற்றச்சாட்டு அல்ல. அவை தமது வெற்றியை அளக்கும் அளவுகோலே பிழையானது என்கிறோம்.

குழுக்கடன் எப்படி இயங்குகிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். ஊர்ப் பெண்கள் சிலர் ஒருவருக்கொருவர் பிணை நிற்கிறார்கள். ஒருத்தி வாரத் தவணையைத் தவறவிட்டால் மற்றவர்கள் அதைக் கட்டவேண்டும். பணம் முழுவதும் திரும்பி வந்ததென்று நிறுவனத்தின் ஏடு காட்டும். அந்தத் தவணைக்காக ஒருத்தி அயலவளிடம் கைமாற்று வாங்கினாளா, தாலிக்கொடியை அடகு வைத்தாளா, இன்னொரு நிறுவனத்தின் கடனால் இந்தக் கடனை அடைத்தாளா என்பது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. தலைமுறைகளாகச் சேர்ந்த அயல் உறவின் நம்பிக்கைதான் இங்கே ஈடு. அந்த ஈடு கரைவதை நிறுவனம் செலவாகக் கணக்கிடுவதில்லை. தவணை தவறிய வீட்டு வாசலில் உத்தியோகத்தர் மாலைவரை காத்திருக்க, குழுப் பெண்கள் தம்முள் முகம்பாராமல் போவது நட்டமாக எங்கும் பதியப்படுவதில்லை. வசூல் இலக்கை எட்டாவிட்டால் தன் ஊதியமே குறையும் என்ற நிலையில், பெரும்பாலும் நம் ஊர் இளைஞனான அந்த உத்தியோகத்தரும் இரக்கம் காட்ட முடியாதவராகிறார்.

வட்டிக் கணக்கையும் சற்று நின்று பார்க்கவேண்டும். 50,000 ரூபா கடனுக்கு ஆண்டுக்கு 24 வீதம் என்று சொல்லி, 62,000 ரூபாவை 52 வாரத் தவணைகளாகப் பிரிக்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். முதல் வாரத்திலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருகிறது, வட்டியோ முழு முதலுக்கும் போடப்பட்டிருக்கிறது. ஆண்டு முழுவதும் கடன் வாங்கியவள் கையில் இருந்தது சராசரியாக ஏறத்தாழ 25,000 ரூபாதான். ஆகவே உண்மையான வட்டி 40 வீதத்தையும் தாண்டுகிறது. ஒழுங்காகத் தோன்றும் கடனின் நிலையே இது; இதைவிடக் கொடியவையும் உண்டு. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொஹொஸ்லவ்ஸ்கி, நுண்கடன் வட்டி 220 வீதம்வரை போவதையும் வசூலிப்போரால் பெண்கள் வன்முறைக்கு ஆளாவதையும் எடுத்துக்காட்டினார். அந்த ஆண்டே அரசு 35 வீத உச்சவரம்பை அறிவித்தது. வறட்சி தாக்கிய 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்று நிலுவையில் நின்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களையும் பொறுப்பேற்றது. ஆனால் 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம், வைப்புப் பெறும் நிறுவனங்களைக் குறிவைத்தே எழுதப்பட்டது. கடன் மட்டும் கொடுப்போர் அதன் பிடிக்கு வெளியே நின்றார்கள்.

இந்த நிறுவனங்களும் இல்லையென்றால் பெண்கள் நாளுக்கு நாள் வட்டி ஏற்றும் மீற்றர் வட்டிக்காரரிடம்தானே போவார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. வீடுவீடாகச் சென்று சிறு தொகை வசூலிப்பதற்குச் செலவு அதிகம் என்பதும் உண்மை. ஆனால் ஒரு கடனை அடைக்க மறுகடன் வாங்கவைக்கும் முறை, இறுதியில் அவர்களை அதே மீற்றர் வட்டிக்காரரிடம்தான் கொண்டுபோய் விடுகிறது. கடனைத் தள்ளினால் கட்டும் பழக்கம் கெடும் என்ற வாதத்துக்கு ஆந்திரத்தில் விடை உண்டு. 2010இல் அங்கே ஒரு பெரிய நுண்கடன் நிறுவனம் பங்குச் சந்தையில் இறங்கியது. சில மாதங்களுக்குள், கடன் நெருக்கடியும் தற்கொலைச் செய்திகளும் பெருகி மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதன்பின் வசூலே படுத்தது. தகுதிக்கு மீறிக் கடன் திணித்தவை நிறுவனங்களே. கட்டும் பழக்கம் கெட்டதற்கு அதுவே முதற் காரணம்.

மாற்று வழி நமக்குப் புதிதல்ல. இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911இலேயே வந்தது. யாழ்ப்பாணத்து மூளாயில் மருத்துவமனையையே கூட்டுறவாக எழுப்பிய மண் இது. சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்குபவளே உரிமையாளர், வட்டியின் மிகுதி ஊருக்குள்ளேயே நிற்கிறது. கூட்டுறவுகளிலும் குறைகள் உண்டு. கட்சித் தலையீடு, இழுபடும் கணக்காய்வு, பெண்கள் உறுப்பினராகவும் ஆண்கள் நிர்வாகிகளாகவும் இருக்கும் சபைகள் ஆகியவற்றை நாம் மறைக்கவில்லை. இவை திருத்தக்கூடியவை, ஏனெனில் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் உரிமை அங்கே உறுப்பினருக்கு உண்டு. கொழும்பிலுள்ள பணிப்பாளர் சபையிடம் கரவெட்டிப் பெண் அப்படிக் கேட்க முடியாது. அந்தச் சங்கங்களுக்கு முதலீடு கொடுங்கள், நிர்வாகத்தில் பாதி இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்குங்கள் என்று மாகாண நிர்வாகத்தையும் மத்திய அரசையும் கேட்கிறோம். கடன் கொடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும், வைப்புப் பெற்றாலும் பெறாவிட்டாலும், உண்மையான ஆண்டு வட்டியைத் தமிழில் கடன் அட்டையின் முதற் பக்கத்தில் அச்சிடவேண்டும். வேறிடத்தில் கடனுள்ளவர்களுக்குத் தான் எத்தனை கடன் கொடுத்தது என்பதையும் ஆண்டறிக்கையில் வெளியிடவேண்டும். இவற்றைச் செய்யாத நிறுவனத்துக்கு எந்த அதிகாரசபையும் அனுமதிப்பத்திரம் வழங்கக்கூடாது.