கல்லைத் தாங்கும் மரம்

சென்ற திங்கள், மலைப்பகுதிப் பங்கு ஒன்றின் இளைஞர் மன்றத்தார் நம்மை அழைத்துச் சென்று தங்கள் பில்லியர்ட்ஸ் மேசையைக் காட்டினர். ஈராண்டு காலம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் உருவான மேசை அது. பழைய மேசை ஒன்றின் சிலேட்டுக் கற்களை விலைக்கு வாங்கி, அவற்றைத் தாங்கும் சட்டத்தை உள்ளூரிலேயே செய்வித்திருந்தனர். பந்தை மெல்ல உருட்டினோம். நேரே செல்ல வேண்டிய பந்து நடுவழியில் இடப்புறம் சாய்ந்தோடியது. பச்சைத் துணியை விரலால் தடவியபோது, இரு கற்கள் கூடுமிடத்தில் சிறு படி ஒன்று தட்டுப்பட்டது. கல்லில் குற்றமில்லை, அடியிலிருந்த மரம் முறுக்கிக் கொண்டிருந்தது.

இவ்விளையாட்டின் தொடக்க காலத்தில் மேசையின் தளமே மரப்பலகைதான். ஈரக்காற்றில் பலகை உப்பும்; வெயிற்காலத்தில் சுருங்கும். இத்தொல்லையிலிருந்து விடுபடவே, லண்டன் மாநகரில் மேசை செய்துவந்த ஜான் தர்ஸ்டன் 1826ஆம் ஆண்டில் சிலேட்டுக் கல்லைத் தளமாக்கினார். ஆயினும் கல் அந்தரத்தில் நிற்குமா? முழு அளவு மேசை ஏறத்தாழ 12 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்டது. ஒன்றே முக்கால் அங்குலக் கனமுள்ள ஐந்து கற்கள் அதன்மேல் கிடக்கின்றன. மொத்த எடை ஒரு டன்னுக்கு மேல். இவ்வளவையும் எட்டுக் கால்களும் ஒரு மரச்சட்டமும் சுமக்கின்றன. தளத்தை விட்டு விரட்டப்பட்ட மரம், அடியிலிருந்து இன்றும் ஆட்டத்தை ஆள்கிறது!

நம் இளைஞர்கள் செய்த பிழை இரண்டு. இங்கிலாந்தில் ஓக் மரத்தாலும் மகோகனியாலும் மேசை செய்வர் எனப் படித்தவர்கள், தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கும் ‘சில்வர் ஓக்’ மரத்தை வாங்கிவிட்டனர். பெயரில் ஓக் உண்டேயன்றி, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அம்மரம் ஓக் இனத்தைச் சேர்ந்ததன்று. இதனைக்கூடப் பொறுக்கலாம். வெட்டிச் சில வாரங்களே ஆன பச்சை மரத்தில் வேலையைத் தொடங்கச் செய்ததே பெரும்பிழை. ஆசாரியார் ஆறு மாதமாவது தவணை கேட்டாராம். விழாவுக்கு முன் மேசை வேண்டுமென்று அவரை விரைவுபடுத்தியவர்கள் மன்றத்தாரே.

“இம்முறை ஈட்டி வாங்கட்டுமா, தேக்கு வாங்கட்டுமா?” என்று அவர்கள் நம்மைக் கேட்டனர். எத்தனை மாதம் உலர்ந்தது என்பதையே முதலில் கேளுங்கள் என்றோம். நிழலில், காற்றோட்டமாக அடுக்கிய மரத்துக்கு அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. உலர்ந்ததா என்றறிய எளிய வழியும் உண்டு. ஒரு துண்டை மாதந்தோறும் நிறுத்துப் பார்க்கலாம். எடை குறைவது நிற்கும்வரை மரம் இன்னும் நீரை விட்டுக்கொண்டிருக்கிறது என்பது பொருள்.

பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்போது தேக்கு, வளையங்களின் போக்கில் ஏறத்தாழ 6 விழுக்காடு சுருங்கும். வளையங்களுக்குக் குறுக்காக ஏறத்தாழ 2½ விழுக்காடே சுருங்கும். எனவே, முனையில் வளையக் கோடுகள் நிமிர்ந்து நிற்கும் பலகையைத் தேர்ந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. வெண்மையான வெளிமரத்தையும் கணுவையும் தள்ளி, வைரம் பாய்ந்த பகுதியையே சட்டத்துக்குக் கொள்ள வேண்டும்.

எல்லா உறுப்புக்கும் ஒரே மரம் உதவாது. ரப்பர் ஒட்டும் விளிம்புச் சட்டம் கெட்டியாக இராவிடில் பந்தின் வேகத்தை அதுவே விழுங்கிவிடும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டாதலால், இழைத்த உடனே ஒட்டுவது நன்று. கற்களின் ஓரத்தில் துணியை ஆணியடித்து இறுக்கும் மரமோ மென்மையாக இருத்தல் வேண்டும். கடுமரத்தில் அச்சிற்றாணிகள் வளைந்துபோகும். வீட்டில் சிறிய மேசை வைப்போர்க்கு நல்ல ஒட்டுப்பலகைச் சட்டமும் தாழ்ந்ததன்று. குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அதன் அடுக்குகள் ஒன்றையொன்று அசையவிடா. மரத்தூள் பலகையை மட்டும் ஈரமுள்ள ஊரில் தளமாக்க வேண்டாம். நீரை உறிஞ்சி ஊதிவிடும்.

மகோகனி மீது ஆசை கொள்வோர்க்கு ஒரு சொல். அமெரிக்க நாடுகளின் பெரிய இலை மகோகனி 2003 முதலும், நம் ஈட்டி உள்ளிட்ட அதன் இனமரங்கள் 2017 முதலும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளன. இளைஞர்கள் இதைக் கேட்டுச் சற்று வாடினர். ஸ்னூக்கர் விதிகள் 1880களில் நம் உதகை மன்றத்தில் எழுதப்பட்ட கதையைச் சொல்லி அவர்களைத் தேற்றினோம்.

தேக்கையே வாங்கியிருக்கிறார்கள். கற்கள் கழற்றப்பட்டுச் சுவரோரம் நிற்கின்றன. சில்வர் ஓக் சட்டங்கள் மன்றத்து வாயிலில் இரண்டு பெஞ்சுகளாயின. கொட்டகையில் இடைக்கட்டை வைத்து அடுக்கிய தேக்குச் சட்டங்களின் முனைகளில், அடுக்கிய நாளை ஆசாரியாரே சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறார்.