பால்வாடி வயதிலேயே உரிமை: பெற்றோரின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாட்டின் அங்கன்வாடிகளில் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் அம்மாக்களும் அப்பாக்களும், பேரப்பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும் பாட்டிகளும் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். பால்வாடி டீச்சர்களும் ஆயாக்களும் எங்களோடு நிற்கிறார்கள். மாநிலத்தில் 54,439 குழந்தைகள் மையங்கள் இருக்கின்றன. 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 இடங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்துக்கு ஐம்பது வயது முடிந்துவிட்டது. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் முதல் நாளிலிருந்தே சோறு போட்டது இந்த மாநிலம். ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992 டிசம்பரில் ஏற்றது. ஆகவே பிள்ளைகளுக்கு உரிமை உண்டா என்று இங்கே யாரோடும் வாதாடப் போவதில்லை. கீழே வருபவற்றில் பெரும்பாலானவை சட்டத்திலோ நீதிமன்ற ஆணையிலோ ஏற்கெனவே எழுதப்பட்டவை. அவை எந்தத் தேதிக்குள் நடக்கும் என்று மட்டும் கேட்கிறோம்.

மூன்று வயதுப் பிள்ளைக்காக இன்று கொடுக்கும் மனு, அலுவலகம் அலுவலகமாகச் சுற்றி மூன்று ஆண்டு கழித்துப் பதிலோடு திரும்பினால், அதற்குள் அந்தப் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பதிலால் அதற்கு ஒரு பயனும் இல்லை. தாமதமாகக் கட்டிய பாலத்தில் பிறகாவது நடக்கலாம். மூன்று வயது திரும்பி வராது. அதனால்தான் கெடுவோடு கேட்கிறோம்.

முதல் கோரிக்கை, மையம் இல்லாத இடத்தில் மையம். ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருக்கும் ஊரோ குடிசைப்பகுதியோ அங்கன்வாடி கேட்டால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்று 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அந்த ஆணை சொல்கிறது. ஆனால் மனு வாங்கும் இடத்தில் ரசீது கொடுப்பதில்லை. ரசீது இல்லாவிட்டால் மூன்று மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? மனு வாங்கிய அன்றே தேதியிட்ட ரசீது தர வேண்டும். மையம் இல்லாத குடியிருப்புகளின் பட்டியலை ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரும் 60 நாளில் வெளியிட வேண்டும். 40 குழந்தைகள் தேறாத மலைக் குக்கிராமங்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். நெடுஞ்சாலையைக் கடந்துதான் மையத்துக்கு வர முடியும் என்றால், அந்தக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு மையம் இல்லை என்றே கணக்கில் எழுதுங்கள். எந்தத் தாயும் நான்கு வயதுப் பிள்ளையை லாரிகளுக்கு நடுவே தினமும் அனுப்ப மாட்டாள்.

அடுத்தது சாதி. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று சிலர் தடுத்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்த காரியம், அந்தப் பெண்ணையே இடம் மாற்றியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது. பால்வாடி ஆயா விஷயத்தில் எந்த ஊரிலும் இது நடக்கக் கூடாது. சமைப்பவரின் சாதியைச் சொல்லி ஒருவர் பிள்ளையை நிறுத்தினால், சமைப்பவரை மாற்றாதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி நடவடிக்கை எடுங்கள். இரண்டு தெருவுக்கு இரண்டு மையம் என்று பிரித்து வைத்திருக்கும் ஊர்களில், புதுக் கட்டடம் எழுப்பும்போது எல்லாத் தெருவும் தயங்காமல் வரக்கூடிய பொது இடத்தைத் தேர்ந்தெடுங்கள். யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதைப் பிள்ளைகள் முதன்முதலில் பழகும் இடம் பால்வாடி. அங்கே தவறாகப் பழகியதைப் பிறகு எந்தப் பாடப்புத்தகத்தாலும் மாற்றுவது கடினம்.

மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது இன்றோடு நிற்க வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் தாய்க்கு இன்றும் கிடைக்கும் பதில், 'கொஞ்சம் நடக்க ஆரம்பிச்சதும் கூட்டிட்டு வாங்கம்மா' என்பது. அந்த டீச்சரிடம் கடுமை ஒன்றும் இல்லை. வாசலில் இரண்டு படி. உள்ளே சாய்ந்து உட்கார வைக்க நாற்காலி கிடையாது. கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. ஒரு டீச்சர், ஒரு ஆயா, இருபத்தைந்து பிள்ளைகள். அவர் வேறென்ன சொல்வார்? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளை அங்கன்வாடியில் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று மத்திய அரசே 2023 நவம்பரில் தனி வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. நெறிமுறை வந்துவிட்டது. சாய்தளத்தைத்தான் இன்னும் காணோம். படி இருக்கும் ஒவ்வொரு மையத்துக்கும் ஆறு மாதத்துக்குள் சாய்தளமும் கைப்பிடிக் கம்பியும் வேண்டும். வாடகைக் கட்டடம் என்பது சாக்காகாது, மரப்பலகையில்கூடச் சாய்தளம் அமைக்கலாம். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சிறப்பு ஆசிரியர் ஒருவரும் இயன்முறை மருத்துவர் ஒருவரும் வாரம் ஒருமுறையாவது மையங்களுக்கு வர வேண்டும்.

காது கேளாத பிள்ளைகளின் காரியம் இதைவிட அவசரம். தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை 'பேச்சு லேட்டா வரும்' என்று விட்டுவிடுகிறோம். இரண்டு ஆண்டு அப்படியே போய்விடுகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத்தான். எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவுக்குப் பேச்சு வரும். மருத்துவக் குழு வந்த தேதி, பார்த்த பிள்ளைகளின் எண்ணிக்கை, மேல்சிகிச்சைக்கு அனுப்பியவர்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் மையத்தின் சுவரில் எழுதிப் போட வேண்டும். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அனுப்பிய பிள்ளை மாவட்ட மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் பொறுப்பு ஒரு குறிப்பிட்ட அதிகாரிக்கு இருக்க வேண்டும்.

காலை உணவு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறோம். ஆனால் அது 1 முதல் 5ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு என்று வகுக்கப்பட்ட திட்டம். ஒரே வளாகத்தில் பள்ளியும் பால்வாடியும் இருக்கிற ஊர்களில், அண்ணன் கிச்சடித் தட்டோடு உட்காரும் நேரத்தில் தங்கை வாசலில் நின்று பார்க்கிறாள். வெறும் வயிற்றோடு வரும் ஏழு வயதுப் பிள்ளையின் பசியைப் புரிந்துகொண்ட அரசுக்கு நான்கு வயதின் பசியை விளக்க வேண்டியதில்லை. 2013இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் உறுதி செய்தது. அது குறைந்தபட்ச அளவுதான். சமையல் கூடம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, அடுப்பும் எரிகிறது. பள்ளி வளாகத்தில் இருக்கும் மையங்களில் வரும் கல்வியாண்டின் முதல் நாளிலிருந்தும், மற்ற மையங்களில் ஓராண்டுக்குள்ளும் காலை உணவு தொடங்க வேண்டும்.

வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவு எந்தக் காரணத்தாலும் நிற்கக் கூடாது. 2025 ஜூலை முதல் போஷன் டிராக்கர் செயலியில் தாயின் முகத்தைப் படம்பிடித்துச் சரிபார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. சிக்னல் கிடைக்காத மலையிலும், பழைய கைப்பேசி தடுமாறும் மையத்திலும், ஆதாரில் எண் மாறிப்போன வீட்டிலும் இதனால் பாதிக்கப்படுவது பிள்ளை. ஆதார் எண் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் பலன் மறுக்கப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. செயலி வேலை செய்யாத அன்று பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாவைக் கொடுக்க டீச்சருக்கு எழுத்துபூர்வ அதிகாரம் வேண்டும். இதற்குப் புதுச் செலவு இல்லை. ஒரு சுற்றறிக்கை போதும், ஒரு வாரத்தில் அனுப்பலாம்.

திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பெற்றோர் கல் அறுக்கும் நேரமெல்லாம் கைப்பிள்ளைகள் மண் மேட்டிலேயே இருக்கின்றன. திருப்பூரில் பனியன் கம்பெனிகளைச் சுற்றியுள்ள லைன் வீடுகளிலும் வெளிமாநிலப் பிள்ளைகள் ஏராளம். எந்த ஊர் ரேஷன் அட்டை என்று கேட்காமல், வந்து நிற்கும் எந்தப் பிள்ளையையும் அன்றே சேர்த்துக்கொள்ள வேண்டும். சூளை வேலை நடக்கும் மாதங்கள் முழுவதும் அங்கேயே தற்காலிக மையம் இயங்க வேண்டும். அந்தப் பிள்ளைகளின் மொழி தெரிந்த ஒருவரை, முடிந்தால் அந்தத் தொழிலாளர் குடும்பத்துப் பெண் ஒருவரையே, சம்பளத்தோடு உதவியாளராக வைக்க வேண்டும். நீலகிரியில் இருளர், பணியர், குறும்பர் பிள்ளைகளுக்கும், 2023இல் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்த நரிக்குறவர் பிள்ளைகளுக்கும் இதே ஏற்பாடு தேவை. வீட்டில் பேசும் மொழியில் 'தண்ணி வேணும்' என்று கேட்க முடியாத பிள்ளை எப்படி அந்த இடத்தில் தங்கும்? அடுத்த சூளைப் பருவத்துக்கு முன்னால் இது முடிய வேண்டும்.

மையத்தின் நேரம் உழைக்கும் தாயின் நேரத்தோடு பொருந்த வேண்டும். மில்லுக்கும் கட்டட வேலைக்கும் காலை ஏழு மணிக்கே கிளம்புகிறவர்கள் மாலை இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். மையமோ மாலைக்கு முன்பே பூட்டிவிடுகிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று மகப்பேறு சலுகைச் சட்டத்தில் 2017இல் திருத்தம் வந்தது. எத்தனை நிறுவனங்கள் காப்பகம் நடத்துகின்றன என்று தொழிலாளர் துறை மாவட்ட வாரியாக ஆறு மாதத்தில் சொல்ல வேண்டும். தொழிற்பேட்டைகளுக்கு அருகில் உள்ள மையங்களை இரண்டு ஷிப்டு ஆட்களோடு காப்பகமாகவும் நடத்த வேண்டும். ஒரே டீச்சரைப் பன்னிரண்டு மணி நேரம் நிறுத்தி இதைச் செய்வதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

டீச்சர், ஆயா இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நடக்காது. 2025 ஏப்ரலில் 7,783 பணியிடங்களை நிரப்ப அரசு அறிவிப்பு வெளியிட்டது. அத்தனை இடமும் சேரும் அளவுக்குக் காலியாக விட்டிருந்தது ஏன் என்று கேட்கிறோம். இனி ஓர் இடம் காலியானால் மூன்று மாதத்துக்குள் நிரப்ப வேண்டும். ஒரே டீச்சர் இரண்டு மையத்தைப் பார்ப்பது அதோடு முடிய வேண்டும். வாக்காளர் பட்டியல் வேலைக்கும் கணக்கெடுப்புக்கும் இவர்களை இழுத்துப் போவதை நிறுத்துங்கள். அந்த நாட்களில் பிள்ளைகளுக்குப் பாட்டும் இல்லை, கதையும் இல்லை. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஓய்வுபெறும் ஒவ்வொருவருக்கும் அந்தத் தீர்ப்பின்படி கணக்கிட்டுக் கொடுத்துவிடுங்கள்.

எந்த மையத்திலும், எந்தத் தனியார் மழலையர் பள்ளியிலும் அடியும் மிரட்டலும் கூடாது. கறுப்பு, குண்டு, திக்குவாய் என்று பிள்ளையை அழைக்கக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வாசலில் பெரிதாக எழுத வேண்டும்.

தனியார் பள்ளிகளின் எல்.கே.ஜி.யில் நலிந்த பிரிவினருக்கான 25 விழுக்காடு இடங்களுக்குச் சேர்க்கை, ஆண்டுதோறும் மற்றப் பிள்ளைகளோடு சேர்த்தே நடக்க வேண்டும். மத்திய அரசின் நிதி வராத இழுபறியில் 2025-26 சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. இரு அரசுகளின் வழக்கும் கணக்கும் அவற்றின் பாடு. அதற்காக ஏழைப் பிள்ளை நான்கு மாதம் வெளியே நிற்கக் கூடாது.

கடைசியாக, சட்டம். 2002இல் செய்த 86ஆவது திருத்தம் 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்காக அரசு முயற்சி எடுக்கும் என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. ஆறு வயதுக்குக் கீழே மனிதப் பிறவிக்கு உரிமை ஏன் பாதியாக வேண்டும்? கல்வி பொதுப் பட்டியலில் இருக்கிறது, மாநிலம் சட்டம் இயற்றலாம். பிறந்தது முதல் ஆறு வயது வரை பராமரிப்பும், மூன்று வயதிலிருந்து முன்பருவக் கல்வியும் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்று தமிழ்நாடு சட்டமன்றம் ஓராண்டுக்குள் சட்டம் நிறைவேற்ற வேண்டும்.

இந்தச் சாசனத்தின் நகலை ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரிடமும் கொடுத்து ரசீது கேட்போம். 30 நாளில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே பொறுப்பான அதிகாரியின் பதவியையும் முடிக்கும் தேதியையும் எழுதித் திருப்பித் தாருங்கள். அந்தத் தாளை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் நாங்களே வாசிப்போம். நகரங்களில் பகுதி சபையில் வாசிப்போம். தேதி தாண்டிய கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் அந்தச் சபையிலேயே தீர்மானம் போட்டு, உரிய அதிகாரியை அடுத்த கூட்டத்துக்கு வந்து பதில் சொல்லச் சொல்வோம்.